திருவனந்தபுரத்து வாக்காளர் யார் பக்கம்?

(திருவனந்தபுரம் சாலைப் பகுதியில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களின் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2025 டிசம்பர் 13 அன்று கேரள உள்ளாட்சித் தேர்தலின் முடிவுகள் வெளியாயின. திருவனந்தபுரம் மாநகராட்சியின் 101 வார்டுகளில் ஒன்றில், வேட்பாளர் ஒருவரின் மறைவால் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. எஞ்சிய 100 வார்டுகளில் தேசிய ஜனநாயகக் கூட்டணி 50, இடது ஜனநாயக முன்னணி 29, ஐக்கிய ஜனநாயக முன்னணி 19, சுயேச்சைகள் 2 என்று முடிவு அமைந்தது. டிசம்பர் 26 அன்று பாஜகவின் வி.வி. ராஜேஷ் மேயராகப் பொறுப்பேற்றார். கேரளத் தலைநகரின் மாநகராட்சி அக்கட்சியின் கைக்குச் செல்வது இதுவே முதல் முறை.

அன்று முதல் சாலைக் கடைவீதியில் இரண்டு விளக்கங்கள் உலவுகின்றன. முதலாவது: இது கோயில் நகரம், அரண்மனை நகரம், அதிகாரிகளின் நகரம், இயல்பிலேயே வலதுசாரி நகரம், என்றோ நடக்க வேண்டியது இன்று நடந்திருக்கிறது. இரண்டாவது: வாக்குகள் மூன்றாகப் பிரிந்ததால் வந்த விபத்து இது, அடுத்த தேர்தலில் தானே சரியாகிவிடும். முதல் விளக்கம் மனத்தளர்ச்சியைத் தருகிறது, இரண்டாவது விளக்கம் தூக்கத்தைத் தருகிறது. இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துகின்றன: தோழர்கள் செய்வதற்கு எதுவும் இல்லை என்ற இடத்தில். ஆகவே இரண்டையும் எண்களின் வெளிச்சத்தில் சோதித்துப் பார்ப்பது அவசியமாகிறது.

இயல்பிலேயே வலதுசாரி நகரமா?

நாடாளுமன்றத் தொகுதியின் வரலாற்றைப் பாருங்கள். 1952இல் திருவனந்தபுரம் தேர்ந்தெடுத்தது ஆனி மஸ்கரீனை. அவர் சுயேச்சை, பெண், லத்தீன் கத்தோலிக்கர். 1957இல் ஈஸ்வர ஐயர், 1962இல் பி.எஸ். நடராஜ பிள்ளை, இருவரும் சுயேச்சைகள். 1967இல் சம்யுக்த சோஷலிஸ்ட் கட்சியின் பி. விஸ்வம்பரன். 1971இல் இடதுசாரி ஆதரவோடு வி.கே. கிருஷ்ண மேனன். 1977இல் கம்யூனிஸ்ட் தலைவர் எம்.என். கோவிந்தன் நாயர். நாடு முழுவதும் காங்கிரஸ் கோலோச்சிய காலத்தில், முதல் ஆறு பொதுத் தேர்தல்களில் இந்நகரம் ஒரு முறைகூடக் காங்கிரஸ் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கவில்லை. பின்னர் 1996இல் கே.வி. சுரேந்திரநாத், 2004இல் பி.கே. வாசுதேவன் நாயர், அவர் மறைந்த பின் 2005 இடைத்தேர்தலில் பன்னியன் ரவீந்திரன் ஆகிய இடதுசாரிகளை இதே தொகுதி டில்லிக்கு அனுப்பியது.

மறுபக்கமும் உண்டு. 1984இல் இந்து முன்னணியின் பெயரால் நிறுத்தப்பட்ட கேரள வர்ம ராஜா இத்தொகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். வகுப்புவாத அரசியலுக்கு இங்கே விதை நேற்று தூவப்பட்டதன்று. எனினும் அந்த விதை உடனே மரமாகிவிடவில்லை. 2009 நாடாளுமன்றத் தேர்தலில் பாஜக பெற்றவை 84,094 வாக்குகள், நான்காம் இடம். 2010 மாநகராட்சித் தேர்தலில் அக்கட்சிக்குக் கிடைத்தவை 6 வார்டுகள். 2014இல் அதன் வாக்குகள் 2,82,336. 2015இல் வார்டுகள் 35. ஐந்தே ஆண்டுகளில் ஒரு நகரத்தின் 'இயல்பு' மாறிவிடுமா? மாறியது இயல்பு என்று சொல்வதைவிட, அரசியல் என்று சொல்வதே பொருந்தும். அரசியலால் மாறியதை அரசியலால் மீட்கவும் முடியும்.

சாலையில் கடை வைத்திருப்போர் பலருக்கும் சொந்த ஊராகிய குமரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். அங்குள்ள மக்களவைத் தொகுதி 2004இல் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.வி. பெல்லார்மினையும், 2009இல் திமுகவின் ஹெலன் டேவிட்சனையும், 2014இல் பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணனையும், 2019இல் காங்கிரசின் வசந்தகுமாரையும் தேர்ந்தெடுத்தது. நான்கு தேர்தல்கள், நான்கு கட்சிகள். 2021இல் நாகர்கோவில் சட்டமன்றத் தொகுதியில் பாஜக வென்றது. மறு ஆண்டே நாகர்கோவில் மாநகராட்சி மேயர் பதவி திமுகவுக்குப் போயிற்று. இவர்களையெல்லாம் 'நிலையற்ற வாக்காளர்' என்று பழிப்பது எளிது. உண்மையில், எந்தக் கட்சியும் தங்களைச் சொந்தச் சொத்தாக எண்ண இவர்கள் விடவில்லை.

வெறும் வாக்குப் பிரிவினையா?

இனி இரண்டாவது விளக்கத்துக்கு வருவோம். இதற்கு நேமம் தொகுதியைப் போன்ற பாடநூல் வேறில்லை.

2011 சட்டமன்றத் தேர்தலில் இடது முன்னணியின் வி. சிவன்குட்டி 50,076 வாக்குகள் பெற்று வென்றார். பாஜகவின் ஓ. ராஜகோபால் 43,661. ஐக்கிய முன்னணி வேட்பாளர் 20,248. 2016இல் ராஜகோபால் 67,813 வாக்குகளுடன் வென்றார். கேரளச் சட்டமன்றத்தில் பாஜகவின் முதல் உறுப்பினர் ஆனார். சிவன்குட்டி 59,142. ஐக்கிய முன்னணி 13,860. 2021இல் சிவன்குட்டி 55,837 பெற்று மீண்டும் வென்றார். பாஜகவின் கும்மனம் ராஜசேகரன் 51,888. காங்கிரசின் கே. முரளீதரன் 36,524.

இந்த எண்களை அவசரமின்றி மறுபடியும் படியுங்கள். தோற்றபோது இடது முன்னணி பெற்றவை 59,142. வென்றபோது பெற்றவை 55,837. அதாவது 3,305 வாக்குகளை இழந்துதான் நேமம் மீட்கப்பட்டது. காங்கிரசின் வலுவான வேட்பாளர் ஒருவர் களத்துக்கு வந்ததால் பாஜகவின் வாக்குகள் 15,925 குறைந்தன. அந்த வெற்றியை மக்கள் கொண்டாடியதில் தவறில்லை. ஆனால் அதைக் கட்சியின் வளர்ச்சிக்குச் சான்றாகக் கொண்டிருந்தால், அது கணக்குப் புத்தகத்தில் கடனை வரவாக எழுதியது போன்றதே.

2011க்கும் 2016க்கும் இடையே பாஜக கூட்டிக்கொண்டவை 24,152 வாக்குகள். அதே காலத்தில் ஐக்கிய முன்னணி இழந்தவை 6,388 மட்டுமே. 'காங்கிரஸ்காரர்கள் மொத்தமாக அங்கே போய்விட்டார்கள்' என்ற பதில் இங்கே போதாது. முன்பு வாக்குச்சாவடிக்கு வராதவர்களும் புதிதாக வாக்குரிமை பெற்றவர்களும் பெருமளவில் அந்தப் பக்கம் சேர்ந்திருக்க வேண்டும். பதினெட்டு வயதில் முதன்முதலாக வாக்களிக்கும் ஓர் இளைஞரிடம் முதலில் போய்ச் சேர்ந்த அரசியல் பேச்சு யாருடையது என்ற கேள்வியை இந்த எண் எழுப்புகிறது.

மாநகராட்சியின் எண்களும் இதையே சொல்கின்றன. 2015இல் இடது முன்னணி 43, பாஜக அணி 35, ஐக்கிய முன்னணி 21. 2020இல் இடது முன்னணி 52, பாஜக அணி 35, ஐக்கிய முன்னணி 10. இருபத்தொரு வயது ஆர்யா ராஜேந்திரன் மேயரானார். நாடே திரும்பிப் பார்த்தது. அந்த மகிழ்ச்சியில் ஓர் எண் கவனத்திலிருந்து நழுவியது. 35 என்பது 35 ஆகவே நின்றது. கூடுதலாக வந்த ஒன்பது வார்டுகள் ஐக்கிய முன்னணியின் சரிவினால் வந்தவை. பாஜகவின் கோட்டைச் சுவரில் ஒரு கல்கூட மொத்தக் கணக்கில் பெயரவில்லை. 2025இல் ஐக்கிய முன்னணி 10இலிருந்து 19க்கு ஏறியது. பாஜக 35இலிருந்து 50க்கு ஏறியது. இடது முன்னணி 52இலிருந்து 29க்கு இறங்கியது.

நேமத்தில் 2021இல் காங்கிரஸ் வலுத்தது. இடது முன்னணி வென்றது. மாநகராட்சியில் 2020இல் காங்கிரஸ் மெலிந்தது. அப்போதும் இடது முன்னணி வென்றது. 2025இல் காங்கிரஸ் மீண்டும் வலுத்தது. இடது முன்னணி தோற்றது. ஆகவே மூன்றாவது கட்சியின் பலத்தையோ பலவீனத்தையோ நம்பிப் போடும் எந்தக் கணக்கும் நிலையான விதியாகாது. ஒரு கட்சியிலிருந்து விடுபடும் வாக்காளர் எந்தத் திசையில் நடப்பார் என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று.

வட்டியூர்க்காவு சொல்லும் செய்தி

அது என்ன என்பதை வட்டியூர்க்காவு காட்டுகிறது. 2016இல் அங்கே முரளீதரன் 51,322, கும்மனம் 43,700, இடது முன்னணியின் டி.என். சீமா 40,441. மூன்றாம் இடம். 2019 அக்டோபரில் இடைத்தேர்தல் வந்தது. நாயர் சமூக வாக்குகள் முடிவைத் தீர்மானிக்கும் தொகுதி என்று எல்லா நாளேடுகளும் எழுதின. நாயர் சர்வீஸ் சொசைட்டி வெளிப்படையாகவே ஐக்கிய முன்னணிக்கு ஆதரவு தெரிவித்தது. சபரிமலைத் தீர்ப்பையொட்டிய கொந்தளிப்பும் அடங்கியிருக்கவில்லை. அந்தச் சூழலில் நிறுத்தப்பட்ட வி.கே. பிரசாந்த் 54,830 வாக்குகள் பெற்று, 14,465 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பாஜகவின் வாக்குகள் 27,453 ஆகக் குறைந்தன.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 2019 ஆகஸ்டில், வடகேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அப்போது மேயராக இருந்த பிரசாந்தின் தலைமையில் மாநகராட்சி அலுவலகத்திலிருந்து லாரி லாரியாக நிவாரணப் பொருள்கள் புறப்பட்டன. சாதி கேளாமல், கட்சி கேளாமல் நகரத்து இளைஞர்கள் இரவு பகலாகப் பொருள்களைப் பிரித்துக் கட்டினார்கள். சாதிக் கணக்கை உடைத்தது மேடைப் பேச்சன்று. மக்கள் தாமே பங்கேற்ற ஒரு பொதுக் காரியம். 2021 பொதுத் தேர்தலில் பிரசாந்த் 21,515 வாக்கு வித்தியாசத்தில் மீண்டும் வென்றார். அன்று அவரிடம் தோற்ற பாஜக வேட்பாளர் வேறு யாருமல்லர். இன்றைய மேயர் வி.வி. ராஜேஷ்தான். நாலரை ஆண்டுகளில் நகரத்தின் மண் மாறிவிடவில்லை, மக்களும் மாறிவிடவில்லை.

ஒரே கை, வெவ்வேறு பொத்தான்கள்

இன்னொரு உண்மையும் உண்டு. 2021இல் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கும் ஏழு சட்டமன்றத் தொகுதிகளில் கோவளம் தவிர்த்த ஆறையும் இடது முன்னணி வென்றது. மூன்றாண்டு கழித்து, 2024 மக்களவைத் தேர்தலில் அதே ஏழு தொகுதிகளிலும் சேர்த்து இடது முன்னணியின் பன்னியன் ரவீந்திரன் பெற்றவை 2,47,648, மூன்றாம் இடம். சசி தரூர் 3,58,155. பாஜகவின் ராஜீவ் சந்திரசேகர் 3,42,078. 2014இலும் 2019இலும் இடது முன்னணி மூன்றாம் இடத்தில்தான் நின்றது. அப்போது பெற்றவை முறையே 2,48,941, 2,58,556. பத்தாண்டுகளாக மக்களவைத் தேர்தலில் இரண்டரை லட்சம் என்ற வட்டத்தைவிட்டு அது வெளியேறவில்லை.

பாஜகவை டில்லியில் தடுக்க வேண்டும் என்று விரும்பும் சிறுபான்மை மக்களும் மதச்சார்பற்ற வாக்காளர்களும், மக்களவைத் தேர்தலில் வெல்லும் வாய்ப்புள்ளவர் யார் என்று பார்த்து வாக்களிக்கிறார்கள். அவர்களே சட்டமன்றத் தேர்தலில் இடது முன்னணிக்கு வாக்களிக்கிறார்கள். இதைத் துரோகம் என்பது அறியாமை. அந்த வாக்காளர் தோழர்கள் பலரைவிடத் தெளிவாகச் சிந்திக்கிறார். எந்த மேடையில் எந்த எதிரியை எந்தக் கருவியால் வீழ்த்தலாம் என்று அவர் எடைபோடுகிறார்.

இது உலகெங்கும் காணும் வழக்கம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. 1980களில் அதன் மக்கள்தொகை நாற்பதாயிரத்துக்கும் குறைவு. 1981இல் தம்மைச் சோஷலிஸ்ட் என்று அறிவித்துக்கொண்ட பெர்னி சாண்டர்ஸ், பத்தாண்டுகளாக மேயராக இருந்த ஜனநாயகக் கட்சிக்காரரை வெறும் 10 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அதன்பின் 1983, 1985, 1987 என்று மூன்று முறை மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இடையில் 1984 அதிபர் தேர்தலில் வெர்மான்ட் மாநிலம் ரீகனைத்தான் தேர்ந்தெடுத்தது. ரீகனின் காலத்தில், ரீகனைத் தேர்ந்தெடுத்த மாநிலத்தில், ஒரு சோஷலிஸ்ட் மேயரால் எப்படி நிலைக்க முடிந்தது? அவரது நிர்வாகம் 1984இல் சமூக நில அறக்கட்டளை ஒன்று உருவாகத் துணைநின்றது. சாமானியர் வாங்கக்கூடிய விலையில் வீடுகளைச் சந்தையின் சூதாட்டத்திலிருந்து பிரித்து வைக்க அது வழிசெய்தது. ஏரிக்கரையைப் பணக்காரரின் மாளிகைகளுக்குக் கொடுக்காமல் பொதுமக்களுக்கு வைத்துக்கொள்ளவும் அவர் போராடினார். பத்து வாக்கில் வந்த வெற்றியை அவர் முடிந்த காரியமாகக் கருதவில்லை. தொடங்க வேண்டிய காரியமாகக் கருதினார். நேமத்து 3,949 வாக்குகளையும் அப்படிக் கருதியிருக்க வேண்டும்.

சாலையின் கணக்கு

இப்போது சாலைக்கு வருவோம். ராஜா கேசவதாஸ் திவானாக இருந்த பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உருவான கடைவீதி இது. இங்கே பலசரக்கு, பாத்திரம், துணி, பூ, காய்கறி என்று ஒவ்வொரு சரக்கின் பின்னாலும் தமிழ் பேசும் ஒரு குடும்பம் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்தும் குமரியிலிருந்தும் வந்த வணிகர்கள், கடைச் சிப்பந்திகள், சுமைப்பணித் தொழிலாளர்கள், துப்புரவுப் பணியோடு வாழ்வு பிணைக்கப்பட்ட அருந்ததியர் குடும்பங்கள், கரமனையிலும் வலியசாலையிலும் அக்கிரகாரத்தார். இவர்கள் அனைவரையும் 'தமிழ் வாக்கு' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது பொய்க்கணக்கு. கடை முதலாளிக்கும் அவர் கடையில் மூட்டை இறக்குபவருக்கும் மொழி ஒன்று, நலன் ஒன்றன்று.

ஆயினும் இவர்கள் எல்லோரையும் ஒருசேரத் தாக்கிய அடிகள் உண்டு. 2016 நவம்பர் 8 அன்று வந்த பண மதிப்பிழப்பு. 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டி. 2020 ஜூலையில் தலைநகரில் அறிவிக்கப்பட்ட மும்மடங்கு ஊரடங்கு. 2021 டிசம்பரில் ஆக்குளத்தில் திறக்கப்பட்ட பெரும் வணிக வளாகம். கைபேசியில் விரலை அழுத்தினால் வீட்டுக்கே வரும் சரக்கு. சாலைக்குள் வரும் லாரி குறைந்தால் முதலில் கூலி இழப்பவர் சுமைப்பணித் தொழிலாளர். 1978ஆம் ஆண்டின் சுமைப்பணித் தொழிலாளர் சட்டம் அவருக்குக் கூலியையும் மரியாதையையும் பெற்றுத்தந்தது. அது இடதுசாரி இயக்கத்தின் நெடும் போராட்டத்தின் விளைவு. ஆனால் சரக்கே வராத கடைவீதியில் அந்தச் சட்டம் மட்டும் அவருக்குச் சோறு போடாது. சங்கத்துக்குச் சந்தா செலுத்தும் தொழிலாளி வார்டுத் தேர்தலில் வேறு சின்னத்தை அழுத்துகிறார் என்றால், அவரைக் குறைகூறும் முன் இந்த மாற்றங்களைப் பற்றிக் கட்சி அவரிடம் என்ன பேசியது என்று கேட்க வேண்டும்.

2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் அடித்துச் செல்லப்பட்டார். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. ரயில்வேயும் மாநகராட்சியும் பொறுப்பை ஒன்றின் மேல் ஒன்று சுமத்தின. ரயில்வேயின் அலட்சியம் கண்டிக்கத்தக்கது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த விவாதம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், கரிமடம் போன்ற காலனிகளில் வாழும் உழைப்பாளிக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? தன் வர்க்கத்தைச் சேர்ந்த ஒருவர் சாக்கடையில் மாண்டபோது, தன் வாக்கைப் பெற்ற நிர்வாகமும் எல்லைக்கோட்டைப் பற்றிப் பேசியதாகவே கேட்டிருக்கும். சபரிமலைத் தங்க விவகாரத்தை எதிர்க்கட்சிகள் பிரச்சாரத்தில் பெரிதாக ஒலித்தன என்பது உண்மையே. அந்த ஒலிக்கு நகரத்தில் இடம் கிடைத்ததன் காரணத்தை இத்தகைய மௌனங்களிலும் தேட வேண்டும்.

மொழியும் மரபும்

பாஜக தமிழ் மக்களிடம் கோயில் திருவிழாவின் வழியாக வருகிறது. 2022 முதல் காசித் தமிழ்ச் சங்கமத்தின் வழியாகவும் வருகிறது. தமிழுக்கு இந்நகரத்தில் வேறொரு மரபு உண்டு என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் தோழர்களே. தமிழ்நாட்டின் வாழ்த்துப் பாடல் பிறந்த 'மனோன்மணீயம்' நாடகத்தை எழுதிய சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, இங்குள்ள கல்லூரியில் கற்பித்தவர். அவருடைய மகன்தான் 1962இல் இந்நகரத்தின் மக்களவை உறுப்பினரான பி.எஸ். நடராஜ பிள்ளை. 1954இல் திருவிதாங்கூர்-கொச்சியின் நிதியமைச்சராக இருந்தபோது நிலச்சீர்திருத்த மசோதாக்களைக் கொண்டுவந்தவர் அவர். அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று, அதே அரசின் போலீஸ் தென்திருவிதாங்கூரில் தமிழர்களைச் சுட்டுக்கொன்றது. 1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. தலைநகரத்துத் தமிழர்கள் இங்கேயே தங்கினார்கள். அவர்களுடைய வரலாற்றில் நிலத்துக்கான குரலும் இருக்கிறது, காயமும் இருக்கிறது. இரண்டையும் அறிந்து பேசும் கட்சியைத்தான் அவர்கள் தங்கள் கட்சியாக ஏற்பார்கள்.

2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். எண்ணிக்கையில் சிறியதுதான். ஆனால் சாலை அடங்கும் திருவனந்தபுரம் சட்டமன்றத் தொகுதியில் 2016இல் இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடையே இருந்தவை 805 வாக்குகள்தாம். இரண்டாம் இடம் இடது முன்னணிக்கு. மூன்றாம் இடம் பாஜகவுக்கு. இத்தகைய களத்தில் ஒரு தெருவும் கணக்கில் வரும்.

உடனடிப் பணிகள்

முதலாவது, வாக்காளர் பட்டியல். 2025 நவம்பர் 4 அன்று தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், 2002ஆம் ஆண்டுப் பட்டியலோடு தொடர்பு காட்டும்படி வாக்காளர்கள் கேட்கப்பட்டார்கள். அன்று தமிழ்நாட்டில் இருந்து இன்று சாலையில் உழைக்கும் ஒருவருக்கு இது எத்தனை சிக்கல் என்பதை விளக்க வேண்டியதில்லை. படிவம் மலையாளத்தில், பழைய பதிவு தமிழில், வேலையோ விடியற்காலை முதல். பட்டியலில் யார் பெயர் இல்லை என்பதைக் கிளைத் தோழர்கள் வீடு வீடாகச் சென்று பார்த்து, உரிய விண்ணப்பங்களை உடனிருந்து நிரப்பித்தர வேண்டும். விடுபட்ட பெயரை மீட்டுத்தந்தவரை எந்த வாக்காளரும் மறப்பதில்லை.

இரண்டாவது, எதிர்க்கட்சிப் பணி. மாநகராட்சியில் 29 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். குடிநீர், கழிவு, தெருவோர வணிகருக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை, துப்புரவுத் தொழிலாளரின் பாதுகாப்பு ஆகியவற்றில் புதிய நிர்வாகத்தைக் கேள்வி கேட்பது அவர்களின் வேலை. அதே கேள்விகளை முந்தைய நிர்வாகத்திடம் ஏன் கேட்கவில்லை என்று மக்கள் வினவுவார்கள். அதற்கு மழுப்பாமல் விடை சொல்லும் துணிவு வேண்டும்.

மூன்றாவது, மக்களின் மொழியில் பேசுதல். துண்டறிக்கையைத் தமிழில் அச்சிடுவது தொடக்கம் மட்டுமே. ஜிஎஸ்டியையும் கூலியையும் வாடகையையும் பற்றிக் கடை மூடிய பின் திண்ணையில் அமர்ந்து, பதில் சொல்வதைவிட அதிகம் கேட்டுக்கொள்ளும் உரையாடல் தேவை.

 ஒரே தேர்தலுக்குள் எல்லாம் மாறிவிடும் என்று வாக்குறுதி தருவது நேர்மையாகாது. வட்டியூர்க்காவில் மூன்றாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு வர மூன்றரை ஆண்டுகள் ஆயின. மாநகராட்சியை இழக்க ஐந்தாண்டுகள் ஆயின. இரண்டு வேளைகளிலும் வாக்காளர் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருந்தார்: சாதாரண நாள்களில் யார் வாசலுக்கு வந்தார்கள் என்பதே அது. சாலையின் ஒவ்வொரு வாசலுக்கும் செல்லும் வேலை இந்த வாரமே தொடங்கட்டும்.